கலியமூர்த்தி கொடுத்த கதை

எங்கள் வானொலியில் இப்போது நாடகங்களைக் கவனித்துக்கொள்ளும் செண்பகம் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, கைப்பேசியில் ஒரு கதையை வாசித்துக் காட்டினாள். வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு சம்பந்திகள் கடைசியில் ஒன்று சேர்கிற கதை. நன்றாகவே இருந்தது. யார் எழுதியது என்று கேட்டேன். நேயர் ஒருவர் ஒரு வரி மட்டும் சொன்னாராம். அதைக் கைப்பேசியில் இருக்கும் மென்பொருளிடம் கொடுத்தாளாம். டீ ஆறுவதற்குள் முழுக் கதையும் வந்துவிட்டதாம். உங்கள் காலத்தில் இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். சில கதைகளுக்கு ஒரு மாதம் ஆகும், ஒரு கதை ஒலிபரப்பாகவே இல்லை என்றேன். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு யார் சொல்லும் கதையையும் சட்டென்று நம்பத் தெரியாது. வேலையில் வந்த பழக்கம். கல்யாண வீட்டில் யாராவது சுவாரசியமாக ஒன்றைச் சொன்னால், இது இவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் மனம் போகும். என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து திரும்பி வந்த புதிதில் நிறையக் கதை சொல்வார். நான் கேட்ட கேள்விகளில் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்.

நான் முத்துப்பேட்டையில் பிறந்தவள். கல்யாணமாகி ஒரத்தநாடு வந்தேன். தஞ்சாவூர் போகும் சாலையில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன வானொலியில், நெல் விலையும் தேங்காய் விலையும் வாசிப்பதற்காகச் சேர்ந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களைத் தாண்டினால் எங்கள் ஒலிபரப்பு கேட்காது. விலை வாசிக்கிற பெண்ணின் குரல் தெளிவாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, நாடகப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒலிப்பதிவு, வெட்டி ஒட்டுதல், அலுமினியத் தகட்டை ஆட்டி இடி இடிக்க வைத்தல் எல்லாம் அங்கே இங்கே பார்த்துக் கற்றுக்கொண்டவைதான். கதையை மட்டும் சவரிமுத்து சாரிடம் கற்றேன்.

சவரிமுத்து சார் எங்கள் நாடகப் பிரிவுக்குத் தலைவர். வாரம் ஒரு ஊர்க்கதை என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஊர்க்காரர்கள் கதைக்கான கருவைச் சொல்வார்கள். நாங்கள் அதை நாடகமாக எழுதுவோம். அந்த ஊர்க்காரர்களே நடிப்பார்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சார் அதற்கு வைத்திருந்த முறை எளிதல்ல.

கதை சொல்ல வருகிறவரை உட்காரவைத்து, டீ கொடுத்து, நலம் விசாரித்துவிட்டு, தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். கதை முடியும்வரை சொல்கிறவருக்கு அவர் முதுகுதான் தெரியும். வந்தவர்கள் முதலில் சங்கடப்படுவார்கள். முகத்தைப் பார்த்தால் முகமே பாதியை நம்ப வைத்துவிடும், கேட்கிறவனுக்கு வானொலியில் முகமா தெரியப்போகிறது என்பார். குறிப்பு எடுக்கவும் விடமாட்டார். அடுத்த வாரம் அவரை மறுபடி வரச்சொல்லி, அதே கதையை மறுபடி சொல்லச் சொல்வார்.

இரண்டாம் தடவை சொல்லும்போது கதை கொஞ்சம் மாற வேண்டும். முதலில் விட்டுப்போன ஒரு சித்தி இப்போது உள்ளே வருவாள். மழை பெய்தது முதல் நாளா மறுநாளா என்று குழப்பம் வரும். அப்படி வந்தால் சாருக்குச் சந்தோஷம். வார்த்தை மாறாமல் அப்படியே வந்தால் நாற்காலியை மெல்லத் திருப்பி, அவரை முதல் தடவையாக நன்றாகப் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே கேள்விதான் கேட்பார். "இத யாரு பாத்தாங்க?"

அது முடிந்த பிறகுதான் காகிதமும் பேனாவும். யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது தெரியாது என்று பாத்திரம் பாத்திரமாகப் பேசுவோம். பேச்சை மட்டும் எழுதுவோம். கடைசியாக, கரு கிடைத்த ஊருக்கே போய் எல்லோர் முன்னாலும் வாசித்துப் பார்ப்போம். அங்கே தேறினால்தான் ஒலிபரப்புக்கான ஒலிப்பதிவு.

கலியமூர்த்தி எங்கள் நேயர்களில் முக்கியமானவர். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு ஊர். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார், பதமாகப் பேசுவார். உரக்கடை வைத்திருந்தார். விவசாய நிகழ்ச்சிகளுக்கு அடிக்கடி ஆள் சேர்த்துக் கொடுப்பார். ஒரு நாள் தன்னிடம் ஒரு கதை இருக்கிறது என்று வந்தார். முழுக்க முழுக்கக் கற்பனை என்றும் சேர்த்துச் சொன்னார்.

புருஷன் மாரடைப்பில் இறந்துபோன ஒரு பெண். துக்கத்தில் அவளுக்குப் புத்தி கலங்கிவிடுகிறது. உச்சிவெயிலில் வாய்க்கால் கரையில் நின்று தண்ணீரோடு பேசுகிறாள். கொழுந்தன் வீட்டிலிருந்து அனுப்பும் சோற்றை மாட்டுக்குக் கொட்டுகிறாள். பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கூப்பிட்டாலும் திறப்பதில்லை. கொழுந்தன் பொறுமையாக அவளைக் கவனித்துக்கொள்கிறான், அவள் நிலத்தைத் தானே பயிர் செய்கிறான், அண்ணன் மகளைப் படிக்க வைக்கிறான். முடிவில் மனமே இல்லாமல் அவளை வெளியூரில் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறான். வாசலில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சார் அடுத்த வாரம் வரச்சொன்னார். ஆடித் திருவிழாவுக்கு முன்னால் ஒலிபரப்பானால் நன்றாக இருக்கும், சொந்தபந்தமெல்லாம் ஊருக்கு வந்திருப்பார்கள் என்று கலியமூர்த்தி கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் கதை வார்த்தை மாறாமல் வந்தது. காப்பக வாசலில் முதல் வாரம் எங்கே நிறுத்தி மூச்சு விட்டாரோ, அங்கேயே நிறுத்தி மூச்சு விட்டார். சார் நாற்காலியைத் திருப்பினார். அவள் தண்ணீரோடு பேசியதை யார் பார்த்தது என்று கேட்டார். கொழுந்தன் என்றார் கலியமூர்த்தி. சோற்றைக் கொட்டியதை? அதுவும் கொழுந்தன்தான். கதவைத் தாழ் போட்டதை? அவனேதான். வேறு யாருமே பார்க்கவில்லையா என்று சார் கேட்டதும், ஊரே பார்த்தது என்றார். ஒரு ஆளைச் சொல்லுங்கள், காட்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சார்.

"யாராச்சும் ஒருத்தர போட்டுக்கங்க சார். அண்ணிக்கு உடம்பு சரியில்லங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

இரண்டு வாரமும் 'அந்தப் பொம்பள' என்றே சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த ஒரு இடத்தில் அண்ணி என்றார். அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. சார் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் போன பிறகு சார் சொன்னது, இந்தக் கதையில் எல்லோரும் பேசுகிறார்கள், அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை, அழுகை மட்டும்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பினார். ஊர்ச் சத்தங்களைப் பதிவு செய்வதற்காக நாங்கள் போவது வழக்கம்தான். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நடவுப் பெண்கள் பேச்சையும் பம்பு செட்டு ஓடும் சத்தத்தையும் பதிவு செய்தேன். வரப்பில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, கலியமூர்த்தியின் அண்ணி வீடு எது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியம் என்ற மூத்த பெண்மணி மட்டும், அந்த மெஷினை அணைத்துவிட்டுக் கேள் என்றார். அணைத்தேன். வாய்க்கால் ஓரம் கடைசி வீடு என்று கைகாட்டியதோடு சரி, அதற்குமேல் அவரும் பேசவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் மல்லிகா. ஜன்னல் ஓரம் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வானொலியிலிருந்து வருகிறேன் என்றதும் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"கலியமூர்த்தி அனுப்புனாரா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றேன். கடைசியில் உண்மையைச் சொன்னேன். உங்கள் கொழுந்தன் ஒரு கதை கொடுத்திருக்கிறார், அதில் ஒரு பெண் வருகிறாள் என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். காப்பகம் என்ற இடம் வந்ததும் மெஷின் நின்றது.

"நான் வாசல்ல நின்னா, பைத்தியம் தெருவப் பாத்துக்கிட்டு நிக்குதும்பாங்க. உள்ள இருந்தா, கதவ அடைச்சுக்கிட்டுக் கெடக்குதும்பாங்க. நான் எங்கதான் இருக்கறது, சொல்லுங்க?"

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊரில் வாய்க்கால் கரையில் மட்டும்தான் டவர் கிடைக்கும். மகளுக்கு மதிய இடைவேளையில்தான் பேச முடியும். இவர் காதில் வயரை மாட்டிக்கொண்டு கரையில் நின்று பேசுவார். கொழுந்தன் வீட்டுச் சோறு தானாக வரும், கூடவே அண்ணிக்குச் சமைக்கக்கூடத் தெரியவில்லை என்ற பேச்சும் ஊருக்குள் போகும். அதனால் மாட்டுக்கு வைத்தாராம். நிலத்தைக் கொழுந்தனுக்குக் குத்தகைக்கு விடமாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்துதான் இதெல்லாம் என்றார். கதவைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் வாய்க்கால் கரையில் நின்று என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அதுவரை செத்துக் கிடந்த டவர் அங்கே முழுசாக நின்றது. அவர் சொன்னதில் ஒன்று சரியாக இருந்தது. மற்றதெல்லாம் அவர் வாய்வார்த்தைதான். சாரிடம் அப்படியே சொன்னேன். மல்லிகா சொல்வதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் கலியமூர்த்தி சொன்னதும் பொருத்தமாகத்தான் இருந்தது என்றேன். சார் தலையாட்டினார். கதையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"நாம நிறுத்திட்டா, அவரு கதைய நிறுத்திருவாரா? திருவிழாவுல வாயாலயே சொல்லுவாரு. ஊருக்குப் போயி வாசிப்போம். ஆனா அந்தம்மா சரின்னாதான்."

மறுபடி போய் மல்லிகாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றால் இதோடு விட்டுவிடுகிறோம், உங்கள் பெயர் எங்கேயும் வராது என்றேன். வெகுநேரம் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"வாசிங்க. ஆனா அந்தப் பொம்பள பேசறத நான்தான் பேசுவேன்."

அதனால் காட்சிகளைக் கலியமூர்த்தி சொன்னபடியே எழுதினேன். கொழுந்தன் பேசுகிற இடமெல்லாம் அவர் வார்த்தைகள்தான். அந்தப் பெண் பேச வேண்டிய இடங்களை மட்டும் வெறுமனே விட்டேன்.

வாசிப்பு கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நடந்தது. கலியமூர்த்தியே நாற்காலி ஏற்பாடு செய்து, தன் கதையை வானொலிக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நடவு முடிந்து வந்த பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் அவருடைய பெரியப்பா இருந்தார். குடும்ப விவகாரம் எதுவானாலும் அவர் வைத்ததுதான் முடிவு. கொழுந்தன் பாத்திரத்தைக் கதை கொடுத்தவரே வாசிக்கட்டும் என்றார் சார். கலியமூர்த்திக்கு அதில் பெருமைதான். அந்தப் பெண்ணாக யார் வாசிப்பது என்ற பேச்சு வந்தபோது, பின்னாலிருந்து மல்லிகா எழுந்து வந்தார்.

கலியமூர்த்தியின் முகம் மாறியது. அண்ணிக்கு இதெல்லாம் எதற்கு, உடம்புக்கு முடியாது என்றார். சார் அமைதியாகக் கேட்டார்.

"கற்பனைக் கததானங்க. யாரு வாசிச்சா என்ன?"

பெரியப்பா, நல்ல காரியம்தானே, வாசிக்கட்டும் என்றுவிட்டார். நான் கருவியை ஓடவிட்டேன். மல்லிகா தடுமாறிவிட்டால், அழுதுவிட்டால், கலியமூர்த்தியின் கதைக்கு நாங்களே சாட்சி சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதைவிட மோசமான ஒரு நினைப்பும் இருந்தது. ஒருவேளை கலியமூர்த்தி சொன்னதுதான் உண்மையோ?

முதல் காட்சியில் வாய்க்கால் கரை. கலியமூர்த்தி காகிதத்தைப் பார்த்து, இந்த வெயிலில் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கொழுந்தன் கேட்பதை வாசித்தார். மல்லிகா அவரைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"என் பொண்ணுகிட்ட. இங்கதான் டவர் கிடைக்குது."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. எல்லோருமே பேசுவதற்கு அந்தக் கரைக்குத்தான் போகிறவர்கள். கலியமூர்த்தியும் சிரிக்கப் பார்த்தார். அடுத்தது சோறு. நல்ல சோற்றை மாட்டுக்குக் கொட்டலாமா என்று வாசித்தார். சமைக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கித் தருகிற சோறு எனக்கு வேண்டாம், மாட்டுக்கு அந்தப் பேர் வந்தால் பரவாயில்லை என்றார் மல்லிகா. இந்த முறை பெரியப்பாவே சிரித்துவிட்டார். பாக்கியம் இருந்த இடத்திலிருந்தே, அந்தச் சோற்றுத் தூக்குவாளியைத் தெருத் தெருவாகச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோவார்கள், நானே பார்த்திருக்கிறேன் என்றார். அவர் அன்றைக்குப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது காட்சி கதவு. ஏன் பகலில் தாழ் போட்டுக்கொள்கிறீர்கள் என்ற வரியைக் கலியமூர்த்தி வேகமாக வாசித்து முடித்தார். மல்லிகா மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"தட்டிட்டு வாங்கன்னு சொன்னேன். அவரு செத்து முப்பது நாள்கூட ஆவல, அப்பவே சொன்னேன். கேக்கல. அதான் தாப்பா போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கலியமூர்த்தி காகிதத்தைக் கீழே வைத்தார்.

"இது என் கத இல்ல சார்."

"மீதியையும் வாசிப்பா" என்றார் பாக்கியம்.

அவர் வாசிக்கவில்லை. பெரியப்பா எழுந்து வந்து மேஜையிலிருந்த காகிதங்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தானே மனசுக்குள் படித்தார். காப்பக வாசல் காட்சி அதில் இருந்தது. படித்துவிட்டு, முடிவைச் சொன்னது யார் என்று சாரைக் கேட்டார். கதை கொடுத்தவர்தான் என்றார் சார். பெரியப்பா காகிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கலியமூர்த்தியைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

அந்த ஆடித் திருவிழாவில் மல்லிகாவைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. குறுவையை அவரே அறுத்தார். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒன்றுமில்லாமலா அவன் சொல்லியிருப்பான் என்று பேசுகிறவர்கள் அதற்குப் பிறகும் அந்த ஊரில் இருந்தார்கள். கதவைப் பற்றி மல்லிகா சொன்னதையும் சிலர் பைத்தியத்தின் பேச்சு என்ற கணக்கில்தான் சேர்த்தார்கள்.

கலியமூர்த்தி எங்கள் அறக்கட்டளையில் புகார் கொடுத்தார். தன் குடும்பத்தை நாலு பேர் முன்னால் வானொலிக்காரர்கள் அவமானப்படுத்திவிட்டார்கள் என்பது புகார். சாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். குடும்பச் சண்டையில் வானொலிக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, சண்டையை எங்களிடம் கதை என்று கொண்டுவந்தது நாங்கள் இல்லை என்று மட்டும் பதில் சொன்னாராம். நிகழ்ச்சியைச் சில மாதம் நிறுத்தினார்கள். அன்றைய ஒலிப்பதிவை அழித்துவிடச் சொன்னார்கள். அழிக்கும்போது அறக்கட்டளை ஆள் ஒருவர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் சார் ஓய்வு பெற்றார். அந்தக் கதையைப் பற்றி அவர் பிறகு பேசியதில்லை. நிகழ்ச்சி மறுபடி தொடங்கியபோது நான்தான் எடுத்து நடத்தினேன். கதை சொல்ல வருகிறவர்களுக்கு முதுகைக் காட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன்.

ஒலிப்பதிவு அழிந்ததை மல்லிகாவிடம் யாராவது சொல்ல வேண்டும். தன் வாயால் அத்தனை பேர் முன்னால் அவர் பேசியது அந்த ஒரு முறைதான். நாளைக்கு அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று யாராவது மாற்றிப் பேசினால், எடுத்துக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் போனேன். கதவைத் தட்டினேன். குரலைக் கேட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தார். மகள் லீவுக்கு வந்திருந்தாள். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

மல்லிகா அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். மோர் கொண்டுவந்து வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, அதைப் போடு என்றார். அந்தப் பெண் கைப்பேசியை எடுத்து ஓடவிட்டாள். தாழ்வாரத்தின் பின்பக்கத்திலிருந்து எடுத்தது. நாற்காலி இழுபடும் சத்தம், சார் தொண்டையைச் செருமுவது, கலியமூர்த்தி வாசிப்பது, டவர் என்றதும் பெண்கள் சிரிப்பது, எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தன. அன்றைக்கு அவள் ஊருக்கு வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

"நீங்க எதையாச்சும் வெட்டிருவீங்களோன்னு நான்தான்கா இவள எடுக்கச் சொன்னேன்" என்றார் மல்லிகா. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "உங்கள நம்பலன்னு இல்ல." அப்புறம் யோசித்துவிட்டுச் சொன்னார். "நம்பலதான்."

மகள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். நான் மோரைக் குடித்துக்கொண்டே கதவுக் காட்சி வரும்வரை உட்கார்ந்து கேட்டேன்.